ஹான்டார்ஃப்: அசல் ஜெர்மன் ஊரா, சுற்றுலா வேடமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன். அடிலெய்டில் இருக்கும் உங்கள் தங்கை ஹான்டார்ஃப் என்ற சிற்றூரின் படங்களை அனுப்பியிருக்கிறார். மரச்சட்டம் போட்ட சுவர்கள், தோல் கால்சட்டை அணிந்த பரிமாறுபவர், பெரிய பெரிய பீர்க் குவளைகள். ஜனவரியில் பெற்றோருடன் அங்கே போகப்போகிறீர்கள். 'இது நிஜமாகவே ஜெர்மானியர் அமைத்த ஊரா, பயணிகளுக்காகக் கட்டிய நாடக மேடையா? நிஜம் என்றால் ஜெர்மனி எங்கே, தென் ஆஸ்திரேலியா எங்கே, இவர்கள் ஏன் இவ்வளவு தூரம் வந்தார்கள்? இன்னும் ஜெர்மன் பேசுகிறார்களா?' என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விகள் மூன்று என்றாலும், முதல் கேள்விதான் மற்ற இரண்டையும் இழுத்துக்கொண்டு வருகிறது.

நான் குடியேற்ற வரலாறு படித்தவன். அடிலெய்டில் பல ஆண்டுகள் இருந்தேன். ஊரிலிருந்து வரும் உறவினர்களை அந்த மலைப்பாதையில் அழைத்துப்போய்க் கதை சொல்வது எனக்கு வாடிக்கை. அந்த அனுபவத்தில் ஒரே வரியில் பதில் சொல்வதென்றால், ஊர் அசல், வேடம் இரவல். அங்கே முதலில் கண்ணில் படுவதெல்லாம் பெரும்பாலும் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டவை. முதல் குடியேறிகள் கொண்டுவந்தவை கண்ணில் எளிதில் படாது.

அவர்கள் ஏன் புறப்பட்டார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் மன்னர் மூன்றாம் ஃப்ரீட்ரிஷ் வில்லெல்ம், மார்ட்டின் லூதரின் சீர்திருத்தம் தொடங்கி 300 ஆண்டு நிறைந்த 1817இல், தம் நாட்டிலிருந்த லூத்தரன் சபையையும், கால்வின் வழிவந்த 'சீர்திருத்த' சபையையும் ஒன்றாக்க முனைந்தார். இரண்டும் புராட்டஸ்டன்ட் சபைகள்தானே என்பது அவர் கணக்கு. ஆனால் வழிபாட்டில் தரும் அப்பமும் திராட்சரசமும் உண்மையிலேயே கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமா, வெறும் அடையாளமா என்பதில் இரு சபைகளுக்கும் ஒட்டவே ஒட்டாது. கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று நீதிமன்றம் வரை போன நமக்கு இதன் சூடு புரியும். ஓர் அரசர் வந்து இனி எல்லோருக்கும் ஒரே நாமம்தான், வழிபாட்டு முறையை நானே எழுதித் தருகிறேன் என்று சொன்னால் என்ன நடக்கும்? பிரஷ்யாவில் அதுதான் நடந்தது. புதிய வழிபாட்டு நூலை ஏற்க மறுத்த போதகர்கள் பதவி இழந்தார்கள், சிலர் சிறை சென்றார்கள். மக்களுக்கு அபராதம் விழுந்தது. 1834இல் சைலீசியாவின் ஒரு கிராமத்தில் தேவாலயத்தைத் திறக்கப் படையையே அனுப்பினார்கள். மறுத்தவர்களுக்குப் 'பழைய லூத்தரன்கள்' என்று பெயர்.

பிராண்டன்பர்க் மாகாணத்தில் க்ளெம்சிக் என்ற சிற்றூரின் போதகர் ஆகஸ்ட் காவெல் அவர்களில் ஒருவர். தம் மக்களை எங்காவது கொண்டுசேர்க்க வழி தேடி 1836இல் லண்டன் போனார். அங்கே ஜார்ஜ் ஃபைஃப் அங்காஸ் என்ற வணிகரைச் சந்தித்தார். தென் ஆஸ்திரேலியக் கம்பெனியின் தலைவர் அவர். அந்த ஆண்டு டிசம்பரில்தான் அங்கே புதிய குடியேற்றம் முறையாகப் பிரகடனம் செய்யப்பட்டது. உழைக்கும் விவசாயிகள் அதற்குத் தேவைப்பட்டார்கள். அங்காஸ் ஆழ்ந்த மதப்பற்று உடையவர், கூடவே நல்ல வியாபாரியும்கூட. பயணச் செலவுக்குக் கடன் கொடுத்தார், வட்டியோடு. இதை இரக்கம் என்பதா முதலீடு என்பதா என்று கேட்டால், இரண்டும் என்பதே என் கருத்து. ஆனால் பிரஷ்ய அரசு வெளியேற அனுமதி கொடுக்காமல் இழுத்தடித்ததால் 1838இல்தான் கப்பலேற முடிந்தது.

காவெல் முதல் குழுவோடு 'பிரின்ஸ் ஜார்ஜ்' கப்பலில் 1838 நவம்பரில் வந்துசேர்ந்தார். அந்தக் குழு அடிலெய்டுக்கு அருகில் டாரன்ஸ் ஆற்றங்கரையில் இறங்கி, விட்டுவந்த ஊரின் பெயரையே வைத்து க்ளெம்சிக் என்று அழைத்தது. ஹான்டார்ஃபை அமைத்தவர்களில் பெரும்பாலோர் அதற்குப் பின் வந்த இன்னொரு கப்பலில் வந்தவர்கள். அந்தக் கப்பலின் பெயர் 'ஸெப்ரா'. 1838 ஆகஸ்டில் ஹாம்பர்க்கை ஒட்டிய ஆல்டோனாவிலிருந்து கிளம்பி டிசம்பர் 28 அன்று கரை சேர்ந்தது. நான்கரை மாதக் கடல்வாசம். ஏறத்தாழ 190 பேர் உயிரோடு வந்து இறங்கினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பதிவுக்குப் பதிவு எண்ணிக்கை சற்று மாறுகிறது. வழியில் இறந்தவர்களில் குழந்தைகளும் உண்டு. அப்போதைய துறைமுகத்தைக் குடியேறிகள் 'போர்ட் மிசரி' என்று வைதார்கள். தமிழில் 'துன்பத்துறை' எனலாம். சதுப்பு, கொசு, கோடை வெயில். இப்போது நீங்கள் போகப்போவதும் அதே வெயிலில்தான், தொப்பியை மறக்காதீர்கள்.

கப்பல் தலைவர் டிர்க் மைனர்ட்ஸ் ஹான். வடகடலில் இருக்கும் ஸில்ட் தீவுக்காரர். அந்தத் தீவு அன்று டென்மார்க் மன்னரின் ஆட்சியில் இருந்தது. ஆக, ஆஸ்திரேலியாவின் மிகப் பழைய ஜெர்மன் ஊர்களில் ஒன்று டென்மார்க் குடிமகன் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சரக்கை இறக்கிவிட்டுக் கிளம்புவதோடு ஒரு கப்பல்காரரின் வேலை முடிந்துவிடும். இவர் கிளம்பவில்லை. கையில் காசில்லாத, ஆங்கிலம் தெரியாத இந்த மனிதர்களைச் சேற்றில் விட்டுப் போக மனம் வரவில்லை. மலைக்கு அப்பால் மவுண்ட் பார்க்கர் அருகே 4000 ஏக்கர் நிலத்தை அப்போதுதான் வாங்கியிருந்த மூவரில் ஒருவரான வில்லியம் ஹாம்டன் டட்டனைச் சந்தித்து, நிலத்தை நேரில் போய்ப் பார்த்து, குடியேறிகளுக்காகப் பேரம் பேசினார். முதல் ஆண்டு குத்தகை இல்லாமல் 100 ஏக்கர், அறுவடை வரைக்கும் கடனாக உணவுப்பொருள் என்று உடன்பாடு ஆனது. நன்றிக்கடனாக ஊருக்கு அவர் பெயரை வைத்தார்கள். 'டார்ஃப்' என்றால் கிராமம். ஜெர்மனில் 'ஹான்' என்ற சொல்லுக்குச் சேவல் என்று பொருள் என்பதால் நான் வேடிக்கையாகச் 'சேவல்பட்டி' என்பேன். பெயர்க்காரணம் என்னவோ மனிதர்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பேரம் பற்றி நாம் அறிவதில் பெரும்பகுதி ஹான் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து வருகிறது. ஒருவர் தாம் செய்த நற்செயலைத் தாமே எழுதும்போது சற்று மெருகு ஏறும். இருந்தாலும் அடிப்படையை நான் நம்புகிறேன். 1839இன் தொடக்க மாதங்களில் அந்தக் குடும்பங்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டும் வண்டிகளை இழுத்துக்கொண்டும் மலையேறி அங்கே குடியமர்ந்தன. ஊரின் பெயர் ஹானின் பெயர். இவை ஐயத்துக்கு இடமில்லாதவை. டட்டனும் கூட்டாளிகளும் தருமம் செய்யவில்லை என்பதும் அதே அளவு உறுதி. காட்டைத் திருத்திக் கொடுக்கச் சுற்றிலும் உழைப்பாளிகள் இருந்தால் மிச்ச ஏக்கர்களின் விலை ஏறும் அல்லவா?

அடுத்த சில ஆண்டுகளின் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது பெண்களின் நடை. காய்கறி, வெண்ணெய், முட்டை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு நள்ளிரவை ஒட்டிக் கிளம்பி, மலை இறங்கி, விடியும் நேரத்துக்கு அடிலெய்டு சந்தையில் நிற்பார்கள். ஏறத்தாழ 30 கிலோமீட்டர். விற்றதும் திரும்பி நடை. இதை நேரில் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள், அந்தப் பாதை இன்று நினைவுப் பாதையாகப் பேணப்படுகிறது. ஆனால் திரும்பும்போது ஒவ்வொரு பெண்ணும் தேவாலயம் கட்ட இரண்டு செங்கல் சுமந்துவந்தார் என்ற கதை செவிவழி மரபு. ஊரில் எல்லோரும் சொல்வார்கள், அழகான கதை. நடந்திருக்கலாம். என் கூட்டத்துக்குச் சொல்லும்போது 'சொல்கிறார்கள்' என்ற சொல்லைச் சேர்த்தே சொல்வேன். புதிய குடியேற்றமான அடிலெய்டு அன்று தன் சோற்றுக்கு வெளியிலிருந்து வரும் கப்பல்களை நம்பியிருந்தது. இந்தப் பெண்களின் கூடைகளுக்கு அங்கே இருந்த மதிப்பை அதை வைத்துப் புரிந்துகொள்ளுங்கள். ஆண்கள் காடு திருத்திக்கொண்டிருந்த அந்த மாதங்களில் ஊருக்குள் ரொக்கம் வந்தது பெண்களின் கால்களால்தான்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த நிலம் காலியாக இருந்ததில்லை. பெராமங்க் என்ற பூர்வகுடி மக்களின் மண் அது. அந்த இடத்துக்குப் புகார்ட்டில்லா என்று பெயர். 1836இல் இங்கிலாந்து மன்னர் பிறப்பித்த குடியேற்ற ஆணையிலேயே, பூர்வகுடிகள் தாங்கள் வாழும் நிலத்தைத் தொடர்ந்து அனுபவிக்கும் உரிமை பாதிக்கப்படக் கூடாது என்று ஒரு வாசகம் உண்டு. அந்த வாசகம் காகிதத்திலேயே தங்கிவிட்டது. தொடக்கத்தில் இரு தரப்பும் இணக்கமாக இருந்தார்கள், எதை உண்ணலாம் என்று பெராமங்க் மக்கள் வந்தவர்களுக்குக் காட்டிக்கொடுத்தார்கள் என்று குடியேறிகளின் சந்ததியினர் சொல்வதுண்டு. அது ஒரு தரப்பு மட்டும் எழுதிய கணக்கு. மறுதரப்பின் கதையைச் சொல்லும் உரிமையோ பயிற்சியோ எனக்கு இல்லை, அவர்களின் வழித்தோன்றல்களிடம்தான் அதைக் கேட்க வேண்டும். வழிபாட்டு உரிமைக்காகச் சொந்த மண்ணை விட்டவர்கள் இன்னொருவர் மண்ணில் வந்து நின்றார்கள் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு அந்தத் தெருவில் நடந்து பாருங்கள்.

இந்த இடத்தில் நமக்கு நெருக்கமான ஒரு கிளைக்கதை ஒளிந்திருக்கிறது. 1838 அக்டோபரில், மேலே சொன்ன இரு கப்பல்களுக்கும் முன்பே, டைகல்மன், ஷூர்மன் என்ற இரு ஜெர்மன் மிஷனரிகள் அடிலெய்டில் இறங்கினார்கள். அனுப்பியது டிரெஸ்டன் மிஷன் சங்கம். அவர்கள் வந்த கப்பலின் பெயர் 'பெஸ்தோன்ஜி பொமன்ஜி', பம்பாய்ப் பார்சி ஒருவரின் பெயர். அடிலெய்டு சமவெளியின் பூர்வகுடிகளான கௌர்ணா மக்களின் மொழியைக் கற்று, இலக்கணமும் சொற்களஞ்சியமுமாக 1840இல் அச்சிட்டார்கள். பேசுவோர் அற்றுப்போன அந்த மொழியைக் கடந்த முப்பது ஆண்டுகளாக அம்மக்கள் மீட்டெடுத்துவருவதற்கு அந்தப் புத்தகம்தான் பெரிய ஆதாரம். அதே டிரெஸ்டன் சங்கம்தான் அடுத்த ஆள்களைத் தரங்கம்பாடிக்கு அனுப்பியது. 1848இல் லைப்சிக் நகருக்கு இடம்பெயர்ந்து லைப்சிக் மிஷன் ஆயிற்று, நம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை அதன் வழிவந்தது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் தமிழ் கற்று, திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்து 1856இல் வெளியிட்டார். அடிலெய்டில் கௌர்ணாச் சொற்களைத் தொகுத்தவர்களையும் குறளை ஜெர்மனுக்குக் கொண்டுபோனவரையும் ஒரே சங்கம்தான் தாங்கியது. இதை முதலில் கண்டுகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மீண்டும் ஊருக்கு வருவோம். வழிபாட்டு உரிமைக்காக ஓடிவந்தவர்கள் தங்களுக்குள் ஒற்றுமையாக இருந்தார்களா என்றால், இல்லை. 1841இல் ஃப்ரிட்ஷே என்ற இன்னொரு போதகர் ஒரு குழுவோடு வந்தார். கிறிஸ்துவின் ஆயிரம் ஆண்டு ஆட்சி பற்றியும் சபை நிர்வாகம் பற்றியும் காவெலுக்கும் அவருக்கும் பூசல் முற்றி, 1846இல் சபை இரண்டாகப் பிளந்தது. மன்னரோடு ஒத்துப்போக மறுத்த பிடிவாதம், மன்னர் இல்லாத இடத்தில் தங்களுக்குள்ளேயே திரும்பியது. அந்தப் பிளவு ஆஸ்திரேலியா முழுதும் பல வடிவங்களில் நீண்டு, 1966இல்தான் ஒரே லூத்தரன் திருச்சபையாக இணைந்தார்கள். 120 ஆண்டுகள்! இவ்வளவு சிறிய ஊரில் செயின்ட் மைக்கேல்ஸ், செயின்ட் பால்ஸ் என்று இரண்டு லூத்தரன் தேவாலயங்கள் எதற்கு என்று உங்கள் அப்பா கேட்டால், ஆயிரம் ஆண்டு ஆட்சியில் தொடங்கிய அந்தச் சண்டையைச் சொல்லுங்கள்.

முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மன் பெயரே குற்றமாயிற்று. அடிலெய்டை ஒட்டிய டாரன்ஸ் தீவில் தடுப்பு முகாம் திறந்தார்கள். 1917இல் லூத்தரன் பள்ளிகளை அரசு மூடியது. அதே ஆண்டு ஒரு சட்டம் இயற்றி, அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் 69 ஊர்ப் பெயர்களை ஒரேயடியாக மாற்றினார்கள். ஹான்டார்ஃப், இங்கிலாந்தின் ஏரிப்பகுதியில் உள்ள ஓர் ஊரின் பெயரில் 'ஆம்பிள்சைடு' ஆனது. லோபெதால் 'ட்வீட்வேல்' ஆனது. காவெலின் க்ளெம்சிக், பிரிட்டிஷ் படை அப்போதுதான் கைப்பற்றியிருந்த பாலஸ்தீன நகரின் பெயரால் 'காசா' ஆனது. எண்பது ஆண்டுகளாக அங்கேயே பிறந்து அங்கேயே இறந்த குடும்பங்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்! மாகாணத்தின் நூற்றாண்டு விழா நெருங்கியபோது, 1935இல், இந்த மூன்று ஊர்களுக்கும் பழைய பெயர் திரும்பியது. எல்லா ஊர்களுக்கும் திரும்பவில்லை. ப்ளம்பெர்க் என்ற ஊர் இன்றும் பேர்ட்வுட் என்ற தளபதியின் பெயரோடுதான் இருக்கிறது. க்ளெம்சிக்கில் உள்ள கால்பந்துக் கழகம் மட்டும் தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை, இன்றும் அது காசா கால்பந்துக் கழகம்தான்.

இனி உங்கள் தங்கையின் படங்களுக்கு வருகிறேன். தோல் கால்சட்டை, ஒரு லிட்டர் பீர்க் குவளை, குயில் கூவும் கடிகாரம் எல்லாம் தெற்கு ஜெர்மனியின் பவேரியாவையும் கருங்காட்டையும் சேர்ந்தவை. ஹான்டார்ஃபின் முதல் குடியேறிகள் கிழக்கே பிராண்டன்பர்க், சைலீசியா எல்லைப்புறத்து விவசாயிகள். பக்திமிகுந்த, கறுப்பு அங்கி போட்ட மனிதர்கள். தங்கள் பேரில் இந்த உடையில் பீர் விற்பதைப் பார்த்தால் காவெல் போதகர் நிச்சயம் ஒரு நீண்ட பிரசங்கம் வைத்திருப்பார். தமிழர் குடியேறிய ஒரு வெளிநாட்டு ஊரில் பாங்ரா ஆடிக் காட்டி 'இந்தியப் பாரம்பரியம்' என்று பலகை மாட்டினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சுற்றுலா வளர்ந்த காலத்தில், உலகம் 'ஜெர்மன்' என்றால் எதை எதிர்பார்த்ததோ அதை ஊர் அணிந்துகொண்டது. இதில் எனக்குக் கோபமில்லை, ஊர் பிழைக்க வேண்டும். நெடுஞ்சாலை ஊரை விட்டு விலகிய பிறகு பல சிற்றூர்கள் சுருங்கின, இது சுருங்கவில்லை.

தாய்மண்ணைத் தேடி ஜெர்மனிக்குப் போனாலும் கிடைக்காது என்பது இதைவிடப் பெரிய வேடிக்கை. 1945க்குப் பிறகு எல்லைகள் நகர்ந்து அந்தக் கிராமங்கள் போலந்துக்குள் போய்விட்டன. ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டார்கள். காவெல் பிரசங்கம் செய்த பழைய க்ளெம்சிக் இன்று க்ளெம்ப்ஸ்க். அங்கே உள்ள பழைய மரத் தேவாலயம் இன்னும் நிற்கிறது, ஆனால் அது இப்போது கத்தோலிக்கக் கோயில். லூத்தரன் வழிபாட்டைக் காக்க ஊரைவிட்டுப் போனவர்களின் சபை பூமியின் மறுபக்கத்தில் தொடர்கிறது, ஊரில் தங்கியவர்களின் சபைதான் இல்லாமல் போயிற்று.

ஜெர்மன் பேசுகிறார்களா என்றால், முதல் குடியேறிகளின் வழியாக வந்த வீட்டுமொழியாக இன்று அநேகமாக இல்லை. வழிபாட்டிலும் பள்ளியிலும் மூன்று தலைமுறை வரை வாழ்ந்தது. பள்ளி மூடியதும் வேர் அறுந்தது, இரண்டாம் உலகப் போர் மிச்சத்தையும் முடித்தது. கடையில் யாராவது சரளமாக ஜெர்மன் பேசினால், 1950களுக்குப் பிறகு வந்த புதிய குடியேறிகளின் குடும்பத்தவராக இருக்கவே வாய்ப்பு அதிகம். போர் என்னும் ஒரே காரணத்தை நான் நம்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சந்தை ஆங்கிலத்தில், திருமண உறவுகள் ஆங்கிலத்தில், பிள்ளைகளின் வேலை ஆங்கிலத்தில் என்றாகும்போது எந்தப் போரும் இல்லாமலே வீட்டுமொழி தேயும். அந்தத் தேய்வு எவ்வளவு, தடையின் பங்கு எவ்வளவு என்று துல்லியமாகப் பிரித்துச் சொல்வது வரலாற்றாசிரியர்களுக்கும் கடினம்.

போகும்போது பிரதான தெருவோடு நின்றுவிடாதீர்கள். வீடுகள் நெருங்கி நிற்பதையும் நிலங்கள் பின்னால் கிடப்பதையும் கவனியுங்கள். ஆங்கிலேயக் குடியேறி தன் நிலத்தின் நடுவில் தனி வீடு கட்டுவார், இவர்கள் ஊராகக் கூடி வாழ்ந்தார்கள். மரச்சட்டங்களின் பாணி ஐரோப்பியப் பாணி, மரம் மட்டும் உள்ளூர் யூகலிப்டஸ். ஊருக்கு வெளியே ஹான்ஸ் ஹைசன் என்ற ஓவியரின் வீடு இருக்கிறது. ஹாம்பர்க்கில் பிறந்து ஏழு வயதில் வந்தவர், ஆஸ்திரேலிய யூகலிப்டஸ் மரங்களை அவரைப்போல் வரைந்தவர் இல்லை. முதல் போரின்போது அவரையும் சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள். அவர் மகள் நோரா 1938இல் ஆர்ச்சிபால்ட் ஓவியப் பரிசை வென்ற முதல் பெண். அந்த வீட்டைத் தவறவிடாதீர்கள்.

கல்லறைத் தோட்டத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள். பழைய கற்களில் கூரிய பழைய ஜெர்மன் எழுத்து, பிறகு மெல்ல ஆங்கிலம், ஆனால் குடும்பப் பெயர்கள் மட்டும் மாறாமல். எந்தப் பத்தாண்டில் மொழி மாறுகிறது என்று உங்கள் அம்மாவை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், அருமையாகப் பொழுதுபோகும். பெற்றோர் சைவம் என்று எழுதியிருந்தீர்கள். மெட்வுர்ஸ்ட் என்னும் புகையூட்டிய தொத்திறைச்சி அவர்களுக்கு ஆகாது. குடியேறிகளோடு வந்த இன்னொரு பண்டம் இருக்கிறது. மேலே வெண்ணெயும் சர்க்கரையும் மாவும் உதிர்த்துச் சுட்ட ஸ்ட்ராய்சல் கேக். அதற்கும் பவேரிய வேடத்துக்கும் தொடர்பில்லை. முட்டை சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.